இடது கையால் எழுதிய கேள்வி

எங்கள் பள்ளியில் அவர் தையல் சொல்லிக்கொடுத்தவர். தையல் பாடத்தை எடுத்துவிட்டார்கள். ஆளை எடுக்க மனமில்லாமல் 'வாழ்க்கைத் திறன்' என்ற புதுப் பாடத்தைக் கையில் கொடுத்தார்கள். பிள்ளைகள் 'லைஃப் மிஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"லைஃப்ல பாஸ் மார்க் எவ்வளவு டீச்சர்?" என்று சீண்டுவார் கணக்கு வாத்தியார்.

"பேப்பர் இன்னும் திருத்தல சார். உங்களுத மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கேன்."

வங்கிப் படிவம் நிரப்புவது, தப்புச் செய்தால் முகம் பார்த்து ஒப்புக்கொள்வது, பிடிக்காததை வேண்டாம் என்று சொல்வது எல்லாம் அவர் வகுப்பில் பாடம். எட்டாம் வகுப்பு வாசலில் பிஸ்கட் டப்பா ஒன்றை வைத்தார். யாரிடமும் கேட்க முடியாததை எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை பதில்.

"யார் எழுதினதுன்னு நான் தேடவே மாட்டேன். கையெழுத்து தெரியாம இருக்க, எல்லாரும் இடது கையால எழுதுங்க."

சீட்டுகள் கோழி கிளறியது போல வரும். ஒரு வாரம் ஒன்று மட்டும் வரி பிசகாமல் இருந்தது.

'அப்பா அடிக்க வரும்போது தம்பியை எங்கே ஒளித்து வைப்பது? கட்டிலுக்கு அடியில் என்றால் கண்டுபிடித்துவிடுகிறார்.'

அந்த வகுப்பில் இடது கைக்காரி ஒருத்திதான். மிஸ் சொன்னதை அப்படியே செய்திருந்தாள்.

இரண்டு நாள் அந்தச் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் தலைமையாசிரியரிடம் கொண்டுபோனார். நான் அலுவலக எழுத்தர். அவர் அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு தட்டிதான்.

"குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லணும் சார்."

"அவசரப்படாதீங்க. குடும்ப விஷயம். முதல்ல அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுவோம்."

"நாம பேசினா, வீட்டுல யாரு சார் வாங்கிக் கட்டிக்கிறது?"

தலைமையாசிரியர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். மிஸ் வெளியே வந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார். அவரே அந்த அலுவலகத்துக்குப் பேசியிருக்கலாம். மேலே சொல்லியாகிவிட்டது என்று இருந்துவிட்டார்.

அப்பா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான கும்பிடு. சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "கதை கட்டுற வயசு சார்."

அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் வரவில்லை. அடுத்த நாள், மாற்றுச் சான்றிதழ் வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு அப்பா வந்து நின்றார். மிஸ் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடி வந்தார்.

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"ஏன், அதை இவ எழுதிப் போடலையா?"

வேகாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள் அவள். மிஸ் குனிந்தார். "கண்ணு, என்னைப் பாரும்மா."

"தேட மாட்டேன்னு சொன்னீங்களே மிஸ்." பார்வை தரையில்தான்.

"என்னடி முணுமுணுப்பு? சாமானோட லாரி நிக்குது. மிஸ்ஸுக்கு நன்றி சொல்லிட்டு வா."

"நன்றி மிஸ்."

அவர்கள் கேட்டைத் தாண்டியதும் மிஸ் என் மேசைப் போனை எடுத்தார். யாரையும் கேட்கவில்லை. பாதுகாப்பு அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் சொன்னார். பதிவேட்டிலிருந்த விலாசத்தையும் படித்தார்.

"இல்ல, அந்த வீட்டைக் காலி பண்ணிட்டாங்க... இனிமே எங்கயா?"

போனின் வாயைக் கையால் பொத்தியபடி என்னைப் பார்த்தார். சான்றிதழுக்கு அப்பா கொடுத்த விண்ணப்பத்தை நான் தேடி எடுத்தேன். 'சேரவிருக்கும் பள்ளி' என்ற இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை. அதைப் பார்க்காமல் வாங்கி வைத்தவன் நான்தான்.