குதிகால் நீவ வந்தவள்

கள்ளக்குறிச்சியில் ஆண்கள் வார்டுக்கு நான் பொறுப்புச் செவிலியராக இருந்தபோது, கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் சிறுநீர்த் தொற்றும் குளிர்காய்ச்சலுமாக வந்து படுத்தார். அறுபதைத் தாண்டியவர், புளியும் கடுக்காயும் சுமந்து மலையிறங்கிப் பிழைப்பவர். படுத்தார் என்பது பேச்சுக்குத்தான். காய்ச்சல் தணிந்ததுமே வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கத் தொடங்கிவிட்டார். பார்க்கிற நமக்கே உட்காரத் தோன்றாது.

அவருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை. பாலோடு கூடாது, வயிற்றெரிச்சல் மருந்தோடு கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். காலைப் பாலையும் மாத்திரையையும் ஒன்றாக நீட்டும் எங்கள் வார்டின் புனித மரபை ஒழிக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

அன்று மருந்துத் தட்டோடு போனால், அவர் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். காதைத் துணியால் மூடிக் கட்டிய ஒரு பெண் அவர் காலடியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா நடக்குது இங்க?"

அவர் மனைவி முந்திக்கொண்டார். "குதிகாலாண்ட சுளுக்கிக்கினு வலிக்குதாம் சிஸ்டர். பிரசவ வார்டுல இந்தப் பொண்ணுக்கு ரெட்டைப் புள்ள. ரெட்டை பெத்தவ நீவி இழுத்தா சுளுக்கு நிக்குமா?"

"நேத்துதான பெத்த, நீ எதுக்கும்மா எழுந்து வந்த?"

"புண்ணியம்னு கூப்டாங்க சிஸ்டர்."

"இழுத்து வுடட்டும் சிஸ்டர், நான் கெளம்பறேன்" என்றார் நோயாளி.

எண்ணெய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் எங்கும் விழவில்லை, தடுக்கவில்லை; சுளுக்கு எங்கிருந்து வரும்? குதிகாலுக்குப் பின்னால் ஓடும் தசைநாணை அவர் சாப்பிடும் சிப்ரோஃப்ளாக்சசின் சிலருக்கு நலியச் செய்யும். வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நலிந்ததை இழுத்தால் அறுந்துபோகலாம். அப்புறம் மலை ஏது, சுமை ஏது?

"வேற மாத்திரை போடுறீங்களா?"

"இல்லையே."

"மூச்சு இளைக்குதே, அதுக்கு?"

"அது மாத்திரையா? வெத்தலபாக்கு மாதிரி தெனம் போடறது."

மனைவி பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டையைப் பார்த்தேன். கடையில் வாங்கிய ஸ்டீராய்டு. வார்டில் சேரும்போதும் இதே கேள்விக்கு இதே 'இல்லை'தான் சொல்லியிருந்தார்.

அன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தினேன். வார்டு டாக்டர் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவசரப் பிரிவு டாக்டருக்குப் போன் செய்தேன்.

"குதிகால் வலிக்கா ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினீங்க? ரவுண்ட்ஸ்ல பார்த்துக்கலாமே சிஸ்டர்."

"அதுவரைக்கும் இவர் உட்கார மாட்டார் டாக்டர். நீங்க வாங்க."

அவர் வருவதற்குள் நோயாளி காலைத் தரையில் வைக்கப் பார்ப்பதும், நான் அதட்டுவதும், வாசலை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தது. மனைவிக்கு இப்போதுதான் பயம் பிடித்திருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

டாக்டர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் வெளியே தொங்க, கெண்டைக்காலை அழுத்தினார். நாண் அறுந்திருந்தால் பாதம் அசையாது.

அசைந்தது.

சிறுநீர்ப் பரிசோதனையைப் பார்த்து வேறு வகை மருந்து எழுதினார் டாக்டர். இளைப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதால் அது தொடர்ந்தது.

"வலி முழுசா போற வரைக்கும் சுமையும் கெடையாது, ஏத்தமும் கெடையாது" என்றேன்.

"எங்க வூடே ஏத்தத்துலதான் இருக்குது சிஸ்டர்."

"நைனார்பாளையத்துல எங்க அக்கா வூடு சமதரையாதான் இருக்குது" என்றார் மனைவி. "கால் சரியாவற வரைக்கும் அங்கயே இருந்துக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். "அங்க போய்க் குந்தறதுக்கு, நிறுத்தின அந்த மாத்திரையையே குடுத்துடுங்க சிஸ்டர்."