சொட்டாமல் குறைந்த தண்ணீர்

போன வாரம் மீஞ்சூரிலிருந்து காட்டூர் வழியாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தபோது நான் ஏறியிருந்த வாடகைக் கார் நடுவழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி பானெட்டைத் தூக்கினார். குப்பென்று ஆவி கிளம்பியது. கொதித்த தண்ணீரும் துருவும் சூடேறிய ரப்பரும் கலந்த வாசனை. “கூலன்ட் கொறஞ்சிருக்கு மேடம். ஆனா எங்கியும் லீக் காணோம்” என்றார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பார்க்கச் சொன்னேன். ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சருக்கும் ரேடியேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கோடை முழுக்க நான் ஒரு காருக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பழவேற்காட்டிலேயே வேலை. கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் தனபாலும் அவனுடைய சிநேகிதர் காதர் பாயும் கூட்டாக ஒரு பழைய அம்பாசடர் வாங்கிப் பொன்னேரி ஸ்டேஷனுக்குச் சவாரி ஓட்டினார்கள். ஒரு நாள் இவன், மறுநாள் அவர். டச்சுக்காரர் கல்லறை மதிலோரம், மர நிழலில் வண்டி நிற்கும். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு ஜனங்கள் வண்டி ஏறப் பயப்படுவதாகக் காதர் பாய் குறைபட்டுக்கொள்வார். ஆனால் அந்த நிழலை விட்டு மட்டும் நகரமாட்டார்.

அதற்கு முன் அண்ணன் ஏரியில் வலை போட்டவன்தான். எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை ஊர்க்கூட்டத்தில் முறை வைத்துப் பிரிப்பார்கள். ஒரு தடவை அதில் தகராறு வந்தது. அண்ணியின் தம்பி சேகர் எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் அண்ணனுக்கு எதிராகப் பேசிவிட்டான். அண்ணனுக்கு முறை போயிற்று. அதோடு வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கரையேறியவன்தான். “அவன் பேரு இந்த வூட்ல கேக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டான். அதன்பிறகு அண்ணி தன் கூடப்பிறந்தவனை ஒளிந்து மறைந்துதான் பார்த்துவந்தாள்.

எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான், ஆனால் எல்லாம் உப்பு. குடிக்க வேண்டுமென்றால் மணலில் தோண்டிய ஊற்றில் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். உப்புத்தண்ணீர் ஊற்றினால் எஞ்சின் கெட்டுவிடும் என்பதால் காருக்கும் அந்த ஊற்றுத் தண்ணீர்தான். முதலில் எப்போதாவது ஒரு சொம்பு கேட்டுக்கொண்டிருந்த வண்டி, அந்தக் கோடையில் தினம் ஒரு சொம்பு கேட்டது. பிறகு அரைக்குடம். பிறகு முழுக்குடம். ஊற்றில் ஊறுவதே கொஞ்சம். நான் முணுமுணுத்துக்கொண்டே சுமந்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் கூடுதலாகச் செலவானாலே சண்டைக்கு வரும் அண்ணி, வாய் திறக்காமல் சுமந்தாள். அது ஏன் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் ஹோஸ் கிளிப்புகளை முறுக்கிப் பார்த்தான். ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைத்து வந்தான். மூடியை மாற்றினான். வண்டிக்கு அடியில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து வைத்துக் காலையில் எடுத்துப் பார்த்தான். காகிதம் காய்ந்து கிடந்தது. “சொட்டு கூட இல்ல. அப்போ எங்கதான் பூடுது?” என்று காதர் பாயிடம் கேட்டான். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வரும். பெட்ரோலில் எவனோ தண்ணீர் கலந்துவிட்டிருப்பான் என்று நான் டீச்சர் தோரணையில் ஓர் அபிப்பிராயம் சொன்னேன். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

சிரித்து முடித்ததும் அண்ணன் சாதாரணமாகத்தான் கேட்டான்: “பாய், உன் கைல எப்பனா கொதிச்சுதா?”

“இல்லியே” என்றார் காதர் பாய். வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

பொன்னேரியில் எனக்கு மாதாந்தர மீட்டிங் இருந்த ஒரு நாள், மெக்கானிக்கிடம் காட்ட இருவரும் வண்டியைக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். மீட்டிங் முடிந்து திரும்பி வந்தபோது வண்டி ஆறியிருந்தது. மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சூடே ஏறாத தண்ணீர் உலைபோலக் கொப்பளித்தது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். ஆயில் பால் விட்ட டீயின் நிறத்தில் இருந்தது. தண்ணீர் வெளியே போகவில்லை, எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் தகடு போய் உள்ளேயே இறங்குகிறது, அதுதான் வெள்ளைப்புகை என்றார். மேல்பாகத்தைக் கழற்றி, ஓர் இரும்பு ஸ்கேலை அதன்மேல் நிறுத்திக் காட்டினார். ஸ்கேலுக்கும் சூட்டில் வளைந்துபோன இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

“கொதிக்கக் கொதிக்க ஓட்டியிருக்காங்க. ஓட்டுனவருக்குத் தெரியாம இருக்காது” என்றார்.

அண்ணன் காதர் பாயைப் பார்த்தான். அவர் கைத்துணியை மடித்துக்கொண்டே, “ஆமா. நான்தான்” என்றார். ஏன் நிறுத்தவில்லை என்று அண்ணன் கேட்டான். “கவனிக்கல” என்றார்.

சின்னச் சத்தம் கேட்டாலே வண்டியை ஓரங்கட்டிக் காது வைத்துக் கேட்கிற மனுஷர் அவர். அண்ணன் சத்தம் போடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

மறுநாள் ஊற்றங்கரையில் அண்ணி என்னிடம் சொன்னாள். அண்ணன் டயர் பார்க்க மெட்ராஸ் போயிருந்த ஒரு நாள், ஏரியில் சேகர் தொடையில் திருக்கை மீனின் முள் ஏறிவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. அண்ணி கல்லறை மதிலுக்கு ஓடினாள். காதர் பாய் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். திருப்பாலைவனம் தாண்டியதும் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. ஃபேனும் நின்றது, தண்ணீர் சுற்றுவதும் நின்றது. எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் சிவப்பைத் தாண்டியது. ஆவியில் ரோடே தெரியவில்லையாம். மடியில் சேகரின் தலையை வைத்திருந்த அண்ணி நிறுத்தச் சொல்லவில்லை. அவரும் நிறுத்தவில்லை. எப்படியோ ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டி போய்விட்டது. சேகர் பிழைத்துக்கொண்டான்.

“நான் சொல்லிடறேன்னுதான் சொன்னேன். பாய்தான் வாணாம்னுட்டாரு. ‘நீ அந்த வூட்ல இருக்க வேண்டியவ. நான் வெளிய இருக்கறவன், பழிய நான் வாங்கிக்கறேன்’னாரு” என்றாள். அவள் மொண்ட கொட்டாங்கச்சியில் பாதி மணலாக இருந்தது.

சில நாள் கழித்து, அண்ணனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றான். பின்சீட்டைக் கழற்றித் தட்டியபோது அடியில் ரத்தக்கறையைப் பார்த்தானாம். விசாரித்திருக்கிறான். மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே எல்லாம் தெரியுமாம். இரண்டு பேரில் ஒருவராவது வந்து சொல்வீர்கள் என்று காத்திருந்தேன் என்றான். அப்புறம்தான் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

“என்னாண்ட கேட்டிருந்தா, வாணாம்னா சொல்லியிருப்பேன்?”

அண்ணி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். “சொல்லியிருப்ப” என்றாள்.

அண்ணன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான்.

காதர் பாயிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வா என்று நானும் சொன்னேன், அண்ணியும் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்றான். அதற்குள் காதர் பாய் லாரி ஓட்ட மெட்ராஸ் போய்விட்டார். கொஞ்ச நாளில் குடும்பமும் போனது. பொன்னேரியிலிருந்து கட்டி இழுத்து வந்து போட்ட வண்டி கல்லறை மதிலோரமே துருப்பிடித்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது.

அண்ணியின் அப்பா செத்த வீட்டில் அண்ணனும் சேகரும் பேசிக்கொண்டார்கள். பிணத்துக்கு ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. பின்னால் சேகரின் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவனே அண்ணன்தான். காலை லேசாக இழுத்தபடி சேகர் மணையில் வந்து உட்கார்ந்தபோது, அண்ணி மெதுவாகக் கேட்டாள், பாய்க்குப் பத்திரிகை அனுப்பினாயா என்று. விலாசம் தெரியவில்லையே என்றான் அண்ணன். உண்மைதான். அப்போதே யாருக்கும் தெரியாது.

இப்போது வாட்டர்கேன் வீட்டுவாசலுக்கு வருகிறது. ஊற்று இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. பள்ளிவாசல் தெருவில் காதர் பாய் குடும்பம் இருந்த ஓட்டு வீடும் போய்விட்டது. அண்ணனும் போய்விட்டான். பொன்னேரிக்குப் போகும்போதெல்லாம் லாரி நிற்கும் இடத்தில் அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவான் என்பதை, அவன் போனபிறகுதான் சேகர் எங்களிடம் சொன்னான்.

காதர் பாய் எங்காவது இருக்கிறாரா, இல்லையா என்று சொல்ல, அண்ணிக்கும் எனக்கும் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை.