இரண்டு பச்சை விளக்கும் ஒரு கல்யாணமும்

யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தின் கடைசிப் பகுதியில் வவுனியாவில் ஒரு இன்ரநெற் கபேயில் வேலை பார்த்தேன். முதலாளி முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் வியாபாரி. எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டோம். வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகத்தைக் கமராவில் பார்க்க, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிக்குள்ளிருந்து ஆட்கள் விடிய பஸ் ஏறி வருவார்கள். அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்துவிடும்.

அதற்கு நானா கண்ட வழி இரண்டாவது இணைப்பு. பழைய தொலைபேசி லைனை விட்டுவிட்டு, இரண்டு கம்பனிகளிடம் கம்பியில்லா இணைப்பு எடுத்தார். கூரையில் இரண்டு அன்ரனாவும் அவற்றின் பெட்டிகளும் ஏறின. இரண்டையும் ஒரு ரவுட்டரில் சேர்த்து, பாதிக் கணினிகள் ஒன்றிலும் மீதி மற்றதிலும் ஓடும்படி செய்தேன். ஒன்று விழுந்தால் எல்லாமே மற்றதுக்கு மாறிவிடும். நானாவுக்கு அது பெரிய பெருமை. கடைக்கு யார் வந்தாலும் ஒரு வயரைப் பிடுங்கிக் காட்டுவார். மாறுவதற்கு அரை நிமிடம் பிடிக்கும், அதற்குள் உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்களின் கதை அறுந்துபோகும். கம்பனிகள் அறுத்ததைவிட நானா பிடுங்கி அறுத்ததுதான் அந்த மாதம் அதிகம்.

ஒரு சனிக்கிழமை முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு அம்மா வந்தா. கடற்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். மகளுக்கு அன்று நோர்வேயில் கல்யாணம். ஓமந்தைச் சாவடியில் புலிகள், இராணுவம் என்று இரண்டு பக்கச் சோதனையும் தாண்டி, பட்டுச் சேலை கசங்காமல் வந்து கமராவுக்கு முன் உட்கார்ந்தா. இங்கே பின்னேரம் இரண்டரைக்கு அங்கே பூசை தொடங்கும். ஓமந்தை பூட்டுவதற்குள் அவ திரும்பியும் ஆகவேண்டும்.

இரண்டேகாலுக்கு எல்லாக் கணினியும் ஒன்றாக நின்றுபோயின. ரவுட்டரில் இணைப்புக்கு ஒன்றாக இருந்த இரண்டு பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ரவுட்டர் கேட்டுப் பார்க்கும்படி நான் வைத்திருந்தது கூரையிலிருந்த பெட்டிகளிடம். அவை ‘இருக்கிறோம்’ என்று ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று கேட்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

நானா என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்கு ஓடி, அங்கிருந்த போனில் கம்பனிகளைக் கூப்பிட்டார். முதல் கம்பனி, அலை அனுப்பும் தங்கள் கோபுரத்தில், அதாவது ரவரில், ஜெனரேற்றர் நின்றுவிட்டதென்றது. இரண்டாவது கம்பனியில் ஒருவர் உண்மையைச் சொன்னார்.

“நாங்களும் அவையின்ர ரவரிலதான் எங்கட அன்ரனாவைப் பூட்டியிருக்கிறம்.”

நானா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அது கம்பி லைன்.

எங்கள் அலுமாரியிலிருந்து பழைய டயல்-அப் மோடத்தை எடுத்து, ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு போய் மருந்துப் போத்தல்களுக்கு நடுவில் வைத்தேன். அம்மாவுக்கு நானா கதிரை போட்டார். படம் வந்தது: பாதிரியாரின் பாதி மட்டும், அசையாமல். குரலும் வரவில்லை. கடைசியில் அங்கே தேவாலயத்தில் மடிக்கணினியோடு இருந்த மாப்பிள்ளையின் நண்பர் நடப்பதைத் தட்டச்சு செய்தார். ஆங்கில எழுத்தில் வந்த அந்தத் தமிழை நான் உரத்து வாசித்தேன்.

“ஃபாதர் சம்மதம் கேக்கிறார்.”

“பிள்ளை என்ன சொன்னவள்?” என்றா அம்மா.

கேட்டு அனுப்பினேன். பனடோல் வாங்க வந்தவர்களும் காத்து நின்றார்கள். பதில் வந்தது: ஓம் எண்டிட்டா.

அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டா. அந்த நேரத்தில் லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப டயல் செய்தேன், பிடிக்கவில்லை. அவவின் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. தொடர்ந்து வாசித்தேன். மோதிரம் மாற்றுகிறார்கள், தாலி கட்டுகிறார் என்றேன். நான் சைவம், கத்தோலிக்கக் கல்யாணத்துக்குப் போனதே இல்லை. கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்ததும் மேளம் அடிக்கிறார்கள் என்றேன்.

“நோர்வேக் கோயிலுக்குள்ள மேளமோ?”

“அங்க அப்பிடித்தானாம்.”

அம்மா கதிரையை என் பக்கம் இழுத்தா. பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னா. “தம்பி, லைன் போய்க் கனநேரம், என்ன?”

“ஓமம்மா.”

“பறவாயில்லை. வாசியுங்கோ.”

நான் வாசித்தேன். மகளின் சேலை என்ன நிறம் என்று கேட்டா, சொன்னேன். அழுகிறாளா என்று கேட்டா, இல்லை, சிரிக்கிறா என்றேன். கால் மணித்தியாலம் கழித்து லைன் பிடித்தது. ‘கலோ, இருக்கிறீங்களோ’ என்று ஏழெட்டு வரியும், அதன் கீழே ‘முடிஞ்சுது’ என்று ஒன்றும் கிடந்தன. அதையும் வாசித்தேன். அவ எழுந்து முந்தானையைச் சரிசெய்தா. நானா மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ்ஸில் விட்டார்.

கடைக்குத் திரும்பியபோது இணைப்பு வந்திருந்தது. இரண்டும் சேர்ந்தே வந்திருந்தன.

திங்கட்கிழமை, கடல் கடந்த ஒரு இணைய முகவரியைக் கேட்டுப் பார்க்கும்படி ரவுட்டரை மாற்றினேன். நானா விட்டுவிட்ட கம்பி லைனுக்குத் திரும்ப விண்ணப்பித்தார். அது மாதக்கணக்கில் இழுபட்டு, ஒரு நாள் வந்து சேர்ந்தது. அப்போது சண்டை திரும்பத் தொடங்கி, ஓமந்தைப் பாதை பூட்டியாகிவிட்டது. மூன்று இணைப்பும் ஒரு குறையுமில்லாமல் ஓடின. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.