நூறு என்றால் ஒன்று

என் வீட்டுக்காரர் பர்ஸான், மாவடிப்பள்ளி அரிசி மில்லில் இருபத்திரண்டு வருடமாகப் பொயிலர் பார்க்கிறார். உமியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியில் நெல் அவிப்பது வேலை. ஆவியின் அமுக்கத்தைக் காட்டும் கேஜில் முள் நான்கைத் தொட வேண்டும். அவருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். நான்கில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். அது என் நகப்பூச்சு. தங்கச்சி கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. பூசினால் தொழுகைக்குக் கைகால் கழுவுகிற வுழூ சேராது என்று நான் தொடவில்லை, அவருடைய கேஜ் பூசிக்கொண்டது.

போன மாதம் அந்தக் கேஜ் பழுதானது. முதலாளி புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டினார். அன்றைக்கென்று பார்த்து, ஊர் முழுக்கச் சாப்பிடும் பள்ளிவாசல் கந்தூரிக்கான நெல் பன்னிரண்டு மூட்டை ஊறிக் கிடந்தது.

நெருப்பு மூட்டிக் கொஞ்ச நேரத்தில் முள் நூறில் நின்றது. நான்கையே பார்த்துப் பழகிய மனுசன்!

"யா அல்லாஹ், வெடிக்கப் போகுது, ஓடுங்க!"

நெருப்பை இழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். பின்னால் எல்லோரும் வாய்க்காலில் குதித்தார்கள், முதலாளி செருப்போடு. பொயிலர் தன்பாட்டில் ஆறிப்போனது.

பகல் சோறு கொண்டுபோன நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரிக்காத புள்ள. கந்தூரி நெல்லு அரை அவியலாக் கிடக்கு. அஸர் தொழுகைக்குள்ள அவிக்கல்லெண்டா நாறிப்போகும். ஊருக்கு என்னத்தச் சொல்ற?"

அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. பிறகு கோபம் வந்தது. பழைய கேஜைத் தூக்கிக்கொண்டு, புதியதையும் கழற்றச் சொல்லி, அவரை ஓட்டோவில் ஏற்றிக் கல்முனை டயர் கடைக்கு இழுத்துப் போனேன். நாள் முழுக்கக் காற்றடிக்கிற சில்வெஸ்டருக்குத் தெரியாத அமுக்கமா?

சில்வெஸ்டர் தன் காற்றடிக்கும் கொம்பிரசரின் கேஜைக் காட்டினார். வெளிவரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. உள்வரிசையில் நூறு, இருநூறு, முந்நூறு.

"நானா, உங்கட பழசு 'பார்' கணக்கு. புதுசு கிலோபஸ்கால். ஒரு பார் எண்டா நூறு கிலோபஸ்கால். நீங்க ஓடினது வெறும் ஒண்டுக்கு."

"அப்ப நாலு?"

"நானூறு."

மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் இவர் ஓட்டோவில் ஏறினார்.

மில்லில் ஒருவரும் கிட்ட வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். கேஜைப் பூட்டி நெருப்பு மூட்டினார். முள் நூறுக்கு வந்தது. அவர் கை மெல்ல வால்வுப் பக்கம் போனது.

"நீயும் போ புள்ள."

"ஒண்டுக்கு ஆராவது ஓடுவாங்களா?"

சிரித்துவிட்டார். இருநூறு, முந்நூறு. நானூறுக்கு வந்ததும் நகப்பூச்சுக் குப்பியைத் திறந்து நானே கோடு போட்டேன். அவிந்த நெல்லின் வாசம் வாய்க்கால் வரைக்கும் போனது, முதலாளி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

கந்தூரிச் சோறு நன்றாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். சஹன் தட்டைச் சுற்றி இருந்து சேர்ந்து சாப்பிட்டவர்கள் இவரை "நூறு நானா" என்று பகிடி பண்ண, இவரும் சிரித்துக்கொண்டே வயிறு நிறையச் சாப்பிட்டார்.

புதிய கேஜில் அந்தக் கோடு இன்றைக்கும் கோணல்தான். "பயத்தில கை நடுங்கினதா உனக்கு?" என்று மில்லில் கேட்பார்கள். இவரும் ஓம் என்று தலையாட்டுவார். நடுங்கியது என் கை.