அமெரிக்காவும் எங்கள் வீட்டுத் தூக்குவாளியும்

எங்கள் ஊருக்கு அமெரிக்கா தகர டப்பாவில் வந்து இறங்கியது. டப்பாவின் மேல் இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்துக் குலுக்குகிற படம் போட்டிருக்கும். உள்ளே எண்ணெய். பால் பவுடர் தனியாக அட்டைப் பீப்பாயில் வரும். அதிலும் அதே கைகள். மக்காச்சோள மாவு மூட்டையில் வந்தது. அதை மட்டும் யாரும் மதிக்கவில்லை, கோழிகள்தான் தின்று கொழுத்தன. காலி டப்பாக்களில் தண்ணீர் பிடித்தோம், வள்ளத்தில் புகுந்த தண்ணீரை இறைத்தோம், திருவிழா நாடகத்தில் அதையே வெட்டி ஏரோது ராஜாவுக்குக் கிரீடமும் செய்தோம். கிரீடத்தின் நடுநெற்றியில் அந்த இரண்டு கைகளும் பளிச்சென்று தெரிந்தன.

நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கம். எங்கள் பக்கத்தில் எதையும் அறுபத்து நாலில் அடித்த புயலுக்கு முன்பு, புயலுக்குப் பின்பு என்றுதான் சொல்வோம். இது புயலுக்கு முன்பு. பாம்பன் தீவில் கடலை ஒட்டிய எங்கள் ஊரில் எல்லோரும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அய்யா, அதாவது என் அப்பா, இரண்டு வள்ளம் வைத்திருந்தார். மாதா கோயில் கமிட்டியில் பால் பவுடரும் எண்ணெயும் பங்கிட்டுக் கொடுக்கிற பொறுப்பு அவருடையது. எங்கள் வீட்டுப் பங்குக்கு மேல் ஒரு கரண்டி பவுடர்கூட எங்கள் வாசல்படி ஏறியதில்லை. அத்தனை நேர்மை. ஆனால் அமெரிக்காவைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும், ஏதோ அந்த நாட்டில் பெண் எடுத்தவர்போல.

எனக்கு அப்போது அமெரிக்காவைப் பற்றிக் கவலையில்லை. என் கவலையெல்லாம் மதுரை. பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். மதுரையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. போகலாமா என்று அய்யாவிடம் கேட்டதற்கு, "பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் "பாப்போம்" என்றால் முடியாது என்று பொருள். அந்த "பாப்போம்" தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் தூக்குவாளி வந்தது.

தூக்குவாளி சங்கதியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் ஏனம் வெறுமையாகத் திரும்பாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் மீன் குழம்பு வந்தால் கிண்ணத்தைக் கழுவி, வேறொன்றும் இல்லையென்றால் இரண்டு வெங்காயமாவது போட்டுத்தான் கொடுப்போம். கல்யாண விஷயத்தில் மட்டும் இதற்கு வேறு அர்த்தம் உண்டு. மாப்பிள்ளை வீட்டுத் தாய் ஒரு தூக்குவாளி நிறையப் பணியாரம் கொண்டுவந்து, கல்யாணப் பேச்சே எடுக்காமல் வைத்துவிட்டுப் போவாள். வாளி நிறைந்து திரும்பினால் பெண் கேட்டு வரலாம். வெறும் வாளி திரும்பினால் பெண் கொடுக்க இஷ்டமில்லை. யாரும் யார் முகத்தையும் பார்த்து இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். அதில் பெண்ணை ஒரு வார்த்தை கேட்பதற்கு மட்டும் இடம் வைக்க மறந்துவிட்டார்கள்.

வாளி பாம்பன் ஊரிலிருந்து வந்தது. பையன் ரயில்வேயில் கிளார்க்கு, நல்ல குடும்பம். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அய்யா பணியாரத்தை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டு, திருவிழா முடிந்ததும் வாளியை நிரப்பி அனுப்பலாம் என்றார். நிரப்பி அனுப்பினால் என் மதுரை போயிற்று. அழுதேன், சோறு வேண்டாமென்றேன். பசி தாங்காமல் பிற்பாடு நானே போட்டுத் தின்றேன்.

திருவிழாவில் ஆண்டுதோறும் பட்டிமன்றம் உண்டு. முந்தின ஆண்டு கடல் பெரிதா கரை பெரிதா என்று பேசிப் பாதிச் சனத்தைத் தூங்கவைத்திருந்தார்கள். அதனால் இந்த முறை இளவட்டங்கள் கூடி, அமெரிக்கா செய்வது உதவியா, ஏகாதிபத்தியமா என்று தலைப்பு வைத்தார்கள். கோயில் சாமியார் சிரிப்புக்காரர். நடுவர் நானே என்று சொல்லிவிட்டார். உதவி என்று பேச எங்கள் அய்யாவை விட்டால் யார்? எதிரணிக்குத் தலைவராகப் பாம்பனிலிருந்து நன்றாகப் பேசுகிற ஒருவரைப் பிடித்து வந்தார்கள். மேடையில் ஏறிய பிறகுதான் அவர் யாரென்று தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் என் அருகில் உட்கார்ந்திருந்த அம்மா, மாதாவே என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். நம் வாளிக்காரர்தான், அந்த ரயில்வே கிளார்க்கு.

அய்யா நன்றாகத்தான் தொடங்கினார். வெள்ளைக்காரன் நம்மிடம் எடுத்தான், அமெரிக்காக்காரன் நமக்குக் கொடுக்கிறான்; எடுக்கிறவனும் கொடுக்கிறவனும் ஒன்றா என்று கேட்டார். ரஷ்யாக்காரன் இரும்பாலை கட்டிக் கொடுத்தால் தோழமை, அமெரிக்காக்காரன் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தால் ஏகாதிபத்தியமா என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதீர்கள் என்றார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி அவர்களுடைய கன்னங்களைக் காட்டினார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. அந்த உற்சாகத்தில் கடைசியாக ஒன்று சொன்னார். "சோறு போடுறவன் ரெண்டு வார்த்தை சொல்லத்தான் செய்வான். கேட்டா என்ன குறைஞ்சு போகும்?"

பாம்பன்காரர் எழுந்தார். ஒல்லி ஆள். குரல் மட்டும் ஆளுக்குப் பொருந்தாமல் கனமாக இருந்தது. எனக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதே என்று எரிச்சலாகவும் இருந்தது. நம் ஊரில் ஏனம் வெறுமையாகத் திரும்புமா என்று அவர் கேட்டார். திரும்பாது என்று சனம் சொன்னது. அப்படியானால் இத்தனை டப்பா வந்ததே, நாம் அதில் எதைப் போட்டுத் திருப்பினோம் என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை, போட அவன் விடவும் இல்லை. திருப்பிக் கொடுக்க வழியில்லாதவனிடம் கொடுக்கிறவன் வேறு ஒன்றை எடுத்துக்கொள்வான். நம் வாயை எடுத்துக்கொள்வான். வாய் நிறைய அவன் கோதுமை இருக்கும்போது அவன் செய்வது தப்பு என்று எந்த வாயால் சொல்வது என்று ஒரே மூச்சில் அடுக்கினார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை இது என்றார்.

பிறகு கியூபாவுக்கு வந்தார். "அதுவும் நம்மள மாதிரி ஒரு தீவுதான். அங்கன யாரு ஆளணும், யாரு ஆளக்கூடாதுன்னு இவன் முடிவு பண்றான். உன் நல்லதுக்குத்தான்னு சொல்றான். யாரைக் கேட்டான்?"

தீவு என்றதும் சனம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு அவர் ஒவ்வொரு நாடாகச் சொல்லி நிறுத்த, பின்வரிசைப் பையன்கள் "யாரைக் கேட்டான்" என்று சேர்ந்து முழங்கினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே கோபமும் வந்தது. நாடு நாடாகச் சொல்கிற இந்த மனிதர் தன் வாளியை எங்கள் வீட்டுக்கு அனுப்பினாரே, யாரைக் கேட்டார்?

இடையில் பேச்சாளர்களுக்குக் காப்பி வந்தது. எதிரணித் தலைவர் குடித்து முடிக்கும்வரை அய்யா பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு எழுந்து, தம்பி இப்போது குடித்த காப்பியில் இருந்தது யார் பால் என்று கேட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாம்பன்காரர் காலி டம்ளரைப் பார்த்தார்.

"குடிச்சேன் மாமா. நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் பயமா இருக்கு."

மாமா என்ற சொல் தானாக வாயில் வந்துவிட்டது. வாளி விஷயம் தெரிந்த பெண்களெல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கியூபாவைப் பற்றி ஆழ்ந்து யோசிப்பவள்போல வானத்தைப் பார்த்தேன்.

சாமியார் தீர்ப்புச் சொன்னார். பால் உதவிதான், பாலுக்குப் பின்னால் வருகிற பேச்சுத்தான் ஏகாதிபத்தியம், ஆகவே பாலைக் குடியுங்கள், பேச்சைத் துப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். யார் ஜெயித்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு தலைவர்களும் தாங்கள் தோற்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை அய்யா எங்கள் எல்லோரிடமும், வாசலில் கருவாடு வாங்க வந்தவரிடமும்கூட, தான் தோற்றுவிட்டேனா என்று கேட்டார். இல்லை என்று சொன்னவரை நம்பவில்லை. ஆமாம் என்று சொன்ன என் தம்பிக்கு அடி விழுந்தது. கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டு, பாம்பன் வாளியைக் கழுவித் துடைத்து வெறுமையாக அனுப்பு என்றார்.

அம்மா வாளியைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடியும் கழுவினாள். தன் கையால் இதுவரை வெறும் ஏனம் போனதில்லை என்று முனகிக்கொண்டே மூன்றாம் தடவையும் துடைத்தாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னைப் பார்க்க எனக்கே இன்னும் பாவமாக இருந்தது. வெறும் வாளி போனால் நான் தப்பித்துவிட்டேன் என்று இல்லை. அடுத்த மாதம் வேறொரு வீட்டு வாளி வரும். அதை நிரப்புவதா வேண்டாமா என்பதை அமெரிக்காவோ ரஷ்யாவோ முடிவு செய்யும். நான் வாளியை அம்மா கையிலிருந்து வாங்கினேன். எங்கள் வீட்டுப் பங்குப் பால் பவுடரை எடுத்து அதில் பாதிவரை கொட்டி, மூடி, பாம்பன் பக்கம் மீன் விற்கப் போகிறவளிடம் கொடுத்தனுப்பினேன்.

நிறைந்த வாளிக்கு அர்த்தம் உண்டு. வெறும் வாளிக்கும் உண்டு. பாதி வாளிக்கு எங்கள் ஊரிலும் அர்த்தமில்லை, பாம்பனிலும் இல்லை. அதுவும் அமெரிக்கப் பவுடர். அவர்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லாம் கூடி வாளிக்குள் எட்டிப் பார்த்து, இது சம்மதமா, மறுப்பா, மேடைப் பேச்சுக்குக் குத்தலா என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்களாம். இதைப் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் பாம்பன்காரரே வந்துவிட்டார், வாளியும் கையுமாக. அய்யா முன்னால் அதைத் திறந்து வைத்து, மாமா இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அய்யா உள்ளே பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அகப்பையைப் பார்த்தாள். நான் வெளியே வந்தேன். நேராக அவரிடமே கேட்டேன்.

"நேத்து மேடையில யாரைக் கேட்டான், யாரைக் கேட்டான்னு கேட்டீங்களே. உங்க வாளி இங்கன வந்துச்சே, நீங்க யாரைக் கேட்டீங்க?"

அய்யாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மாட்டினியா தம்பி என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நேற்று இழந்ததையெல்லாம் அந்த ஒரு சிரிப்பில் மீட்டுவிட்டார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்களும்தான் அய்யா. சோறு போடுறவன் ரெண்டு வார்த்தை சொல்வான்னு சொன்னீங்க. சொல்லுங்க, கேக்குறேன். ஆனா என் வாயையும் சேத்து நீங்களே வச்சுக்கிட்டா எப்படி?"

சிரிப்பு நின்றது. அய்யா கையை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டு வாளியின் மூடியை எடுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"சரி ஆத்தா. உனக்கு என்ன வேணும்?"

பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதற்காக எவ்வளவோ பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தேன். மதுரை என்று மட்டும் சொன்னேன், அழுகையோடு. பாம்பன்காரர் எழுந்தார். வாளியை எடுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இது இங்கனயே இருக்கட்டும். படிச்சு முடிச்சிட்டு வந்து நிரப்புறதுன்னா நிரப்புங்க. கொட்டிட்டுக் குடுக்குறதுன்னாலும் சரிதான்."

நான் மதுரையிலிருந்து திரும்பியபோது பவுடர் வாளிக்குள் சுண்ணாம்புக் கல்லாக இறுகியிருந்தது. வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிட்டது. நானே பணியாரம் சுட்டு, நானே நிரப்பி, நானே பாம்பனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றைக்கும் அவர் ஏகாதிபத்தியத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார், அதற்கு நடுவில் யாரையும் கேட்காமல் என் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வார்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவுக்கு வருவது முதன்முதலாக மதுரைக்குப் புறப்பட்ட நாள்தான். பாம்பன் ஸ்டேஷன்வரை அய்யா என் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார். என்னைத் தூக்கவிடவில்லை. ரயில் வந்து, பெட்டியை ஏற்றி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார், பூசைக்கு ஒழுங்காகப் போகச் சொன்னார். பிறகு, நான் உனக்குப் போட்ட சோற்றுக்கு எதையும் திருப்பி வாங்க நினைத்ததில்லை, தெரியுமா என்றார். தெரியும் என்றேன். ரயில் ஊதியது. கம்பியை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனவர், அத்தனை நாளாக எல்லோரிடமும் கேட்டதை மறுபடி கேட்டார்.

"ஏத்தா, நெசமாச் சொல்லு. அன்னைக்கு நான் தோத்துட்டேனா?"

"அன்னைக்குத் தோத்தீங்க அய்யா" என்று கத்தினேன். "இன்னைக்கு ஜெயிச்சிட்டீங்க."

ரயில் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ. காதில் கையை வைத்துக்கொண்டு, என்ன, என்ன என்று கேட்டபடியே பிளாட்பாரம் முடிகிற இடம்வரை கூடவே ஓடிவந்தார்.