அத்தையோடு தென்னேரிக்குச் சைக்கிளில்

கல்யாணமான புதுசில் நானும் வீட்டுக்காரரும் ஒரு திட்டம் போட்டோம். வார விடுமுறையில் பென்னலூரிலிருந்து தென்னேரி ஏரிக்குச் சைக்கிளில் போக வேண்டும். பெட்ரோல் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது, கொண்டுபோவதில் ஒரு துண்டுக் காகிதம்கூட அங்கே தங்கக் கூடாது. ஹாஸ்டலில் இருந்தபோதே மலையேறுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் பிடித்த பைத்தியம் எனக்கு.

முந்தின சாயங்காலம் கம்பெனி சூப்பர்வைசர் மறுநாளைக்கு அவருக்கு ஓ.டி. போட்டுவிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா இப்ப? பக்கத்து வூட்டு லேடீஸ் சைக்கிள் சும்மாதானே கீது, நான் வரேன்" என்றார் மாமியார்.

அப்போதெல்லாம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது சோறு, குழம்பு அளவோடு சரி. மறுக்கத் தெரியாமல் தலையாட்டினேன்.

காலையில் சுங்குவார்சத்திரம் தாண்டும்வரை கன்டெய்னர் லாரிகள் எங்களை உரசுகிற மாதிரி போயின. அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் மிதித்தார். ஒரு லாரிக்காரர் ஹார்ன் அடித்தால் இவர் பதிலுக்கு மணியடித்தார். சிரித்த சிரிப்பில் என் ஹேண்டில் ஆடிப்போனது.

ஏரிக்கரையில் தூக்குவாளியைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். டீ போடலாம் என்று அத்தை சுள்ளி பொறுக்க ஆரம்பித்தார்.

"நெருப்பு வேண்டாம் அத்தை. புல்லு காய்ஞ்சு கெடக்கு."

"டீ இல்லாம இன்னா டூரு?" என்று முணுமுணுத்தாலும் சுள்ளியைக் கீழே போட்டுவிட்டார்.

கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. எழுந்து பார்த்தால் கழுத்தளவுத் தண்ணீரில் தலை மட்டும் தெரிகிறது. எனக்கு நீச்சல் தெரியாது. "அத்தை! அத்தை!" என்று கரையில் நின்று அலறினேன்.

"கத்தாதம்மா, கொக்கெல்லாம் பயப்புடுது பாரு" என்றார், சாவகாசமாக நீந்திக்கொண்டே.

வந்த கோபத்தில் திட்டப் போனேன், சிரிப்புதான் வந்தது. முழங்கால்வரை நானும் இறங்கினேன். தண்ணீரை வாரி என் முகத்தில் அடித்தார். நானும் விடவில்லை. சேலை காயும்வரை கரையில் வெயிலில் கிடந்தோம்.

திரும்பும்போது அத்தைக்கு முட்டி பிடித்துக்கொண்டது. இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பின்னால் வந்த ஒரு காலி கம்பெனி பஸ் நின்றது. வீட்டுக்காரருக்குத் தெரிந்த டிரைவர். "ஏறுங்கக்கா, சைக்கிளையும் ஏத்திக்கலாம்."

"பரவாயில்லண்ணா, வண்டியில ஏறுறதில்லன்னு முடிவு பண்ணித்தான் வந்தோம்" என்றேன்.

"நாம ஏறுனாலும் ஏறாட்டியும் அது ஓடத்தானே போவுது?" என்றார் அத்தை.

நான் சைக்கிளைப் பஸ் படியருகே தள்ளிக்கொண்டு போனேன். சீட்டுகளுக்கு நடுவே சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம்.

"நீந்துனத அவன்கிட்ட சொல்லாத. சண்டைக்கு வருவான்."

"சொல்ல மாட்டேன் அத்தை."

ஜன்னல் காற்றில் அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தலைமுடியில் இன்னும் ஈரம். ஏரிப் பாசி வாசம் வேறு. பென்னலூர் வரும்வரை நான் அசையவில்லை.