கதவு மூடும் இடம்

டெல்பர்ட் கோவாரின் வேலை, யார் எப்போது சாக வேண்டும் என்று முடிவு செய்வது. டாலஸை ஒட்டிய கார்லண்டில், மூடிப்போன தரைவிரிப்புக் கடை ஒன்றில் நாங்கள் துப்பாக்கி விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தோம். தனியாக உட்கார்ந்து, தானே துப்பாக்கி ஏந்திக் கதைக்குள் நடந்துபோவதுபோல ஆடுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு. சுடவைப்பது பெரிய காரியமில்லை. எங்கே சுடவிடாமல் நடக்கவைப்பது, எங்கே மூச்சு வாங்கவிடுவது, எந்த நொடியில் குரல்வளையைப் பிடிப்பது என்பதெல்லாம் டெல்பர்ட்டுக்கு மட்டுமே கைவந்தது.

வெள்ளிக்கிழமை தவறாமல் பழம் வைத்த கொலாச்சி பன்களை ஒரு பெட்டி நிறைய வாங்கி வருவார். தின்றுகொண்டிருக்கும்போதே எங்களில் எவனாவது ஒருத்தனின் மானத்தை வாங்குவார்.

"டேய் ரஸ்டி, உன் லெவல்ல எதிரி கையால ஒருத்தனும் சாக மாட்டேங்கிறான்டா. கொட்டாவி விட்டே செத்துருவான் போல."

திட்டு வாங்கியவன்தான் முதலில் சிரிப்பான். ஆபீஸில் அவரைப் பிடிக்காதவர் இல்லை.

அந்த வருஷம் அவருக்கு ஒரே ஒரு கவலை. மனைவி வில்மாவுக்கு இதய வால்வு கெட்டுப்போய், ஏப்ரலில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். செலவு முழுக்கக் கம்பெனி இன்சூரன்ஸ். வேலை போனால் அதுவும் போகும். சொந்தக் காசில் அதைத் தொடரலாம் என்று சட்டம் இருக்கிறது, சம்பளம் நின்றவன் எங்கே போவான் என்பதுதான் சட்டத்தில் இல்லை. ஏப்ரல் வரை எப்படியாவது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

விளையாட்டில் புதிதாகச் செய்கிற கட்டத்தை, அதாவது லெவலை, வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவிட்டு, எங்களுக்கு மட்டும் அந்தப்பக்கம் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அவர்கள் எவ்வளவு சொதப்பினாலும் நாங்கள் வாய் திறக்கக்கூடாது. நான் செய்த ஓர் அறையில் தோட்டா, மருந்துப்பெட்டி எல்லாம் வாரி இறைத்திருந்தேன். அடுத்த அறையில் பெரிய சண்டை. ஆடவந்த பெண் உள்ளே காலை வைத்ததுமே, "ஐயய்யோ, என்னமோ பெருசா வரப்போகுது" என்று உஷாராகிவிட்டாள்.

டெல்பர்ட் என் காதருகே வந்தார். "அளவுக்கு மீறி ஊட்டினா மாட்டுக்குக்கூட சந்தேகம் வந்துரும்டா. அவளுக்கு எது இல்லையோ அத மட்டும் வை. அதான் கருணை மாதிரி தெரியும். உள்ள வந்துட்டாளா, பின்னாடி கதவ மூடு."

எங்கள் முதலாளி டிரென்ட்டும் அன்று அங்கேதான் இருந்தான். முப்பது வயதுப் பயல். விளையாட்டை வெளியிடுகிறவர்கள் தேதியை முன்னுக்குத் தள்ளியதால், ஞாயிற்றுக்கிழமையும் சும்மா வந்து உழைக்கச் சொல்லி எங்களை நச்சரித்துக்கொண்டிருந்தான். முடியாது என்று எல்லோரும் ஒரே பேச்சாக நின்றோம்.

"பெருசு, எனக்கொரு சந்தேகம்" என்றான் டிரென்ட். "ஒரு கூட்டம் அசையாம நிக்குது. எல்லாரையும் நமக்கு வேணுங்கிற பக்கம் ஓடவைக்கணும். எப்படிச் செய்வீங்க?"

நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்த தொழிற்சாலைக் கட்டத்தைத்தான் கேட்கிறான் என்று டெல்பர்ட் நினைத்தார். கண்கள் மின்ன, கைகளைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்.

"யாரப் பாத்தா எல்லாருக்கும் சிரிப்பு வருதோ, அவன மொதல்ல போடு தம்பி. எல்லாரும் பாக்கும்போதே போடு. ஏன்னு சொல்லாத. காரணம் தெரிஞ்சா கோவம் வரும், தெரியலேன்னாதான் பயம் வரும்."

"அப்புறம்?"

"ஒரே ஒரு கதவத் தொறந்து வை. நீ தள்ளவே வேணாம்."

டிரென்ட் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் டெல்பர்ட் கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏப்ரல் முழுக்கச் சம்பளத்தோடு லீவு, இன்சூரன்ஸைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று டிரென்ட் தானாகக் கூப்பிட்டுச் சொன்னானாம். "நல்ல பையன்டா. நாமதான் தப்பா நெனச்சுட்டோம்." கருணை மாதிரி தெரிகிற அந்த அறையை வடிவமைத்தவரே உள்ளே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனி செலவில் பிரிஸ்கெட் விருந்து. புகையில் வாட்டிய மாட்டிறைச்சித் துண்டுகளைத் தட்டில் வாங்கிக்கொண்டு டெல்பர்ட் ஏதோ கிண்டலடிக்க, கூடமே சிரித்துக்கொண்டிருந்தது. டிரென்ட் நடுவில் வந்து நின்றான்.

"டெல்பர்ட், இன்னைக்கு உங்களுக்குக் கடைசி நாள்."

வாசல் காவலாளி, டெல்பர்ட்டின் மேஜைச் சாமான்களை ஏற்கெனவே ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்து வந்திருந்தான். மேலாக வில்மாவின் போட்டோ கிடந்தது.

"வில்மாவுக்கு ஏப்ரல்ல... நீதானே தம்பி சொன்ன..."

டிரென்ட் காரணம் எதுவும் சொல்லாமல் வாசலைக் கைகாட்டினான். டெல்பர்ட் அவனைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்பது அந்த முகத்தில் தெரிந்தது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

"மத்தவங்க யாரும் பயப்பட வேணாம்" என்றான் டிரென்ட், இனிக்க இனிக்க. "ஞாயித்துக்கெழம வர்றவங்க மட்டும் இங்க வந்து கையெழுத்து போட்டுருங்க."

வரிசை கூடத்தின் கடைசிவரை நின்றது. முடியாது என்று உரக்கக் கத்தியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். நான் நடுவில் நின்றேன். அந்த நெஞ்சில் ஈரமில்லாத பயலை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று மட்டும் என் முறை வந்ததும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரலில் ஆபரேஷன் நடக்கவில்லை. ஆகஸ்ட் வெயிலில் வில்மாவைப் புதைத்தார்கள்.

சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் எங்கள் ஊர் வழக்கப்படி, கோழியும் சோறும் சேர்த்து அடுப்பில் வேகவைத்து ஒரு பாத்திரத்தில் டெல்பர்ட் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தை வாங்கி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் போனப்புறம் யாராச்சும் அவன எதுத்து நின்னாங்களா?"

"இல்ல சார்."

"எல்லாரும் அந்த ஒரே கதவு வழியாத்தானா?"

"ஆமா சார்."

"நீயுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது ஆட்டுவதுபோல அவர் மெல்லத் தலையாட்டினார்.

"அப்ப லெவல் சரியாத்தான்டா இருக்கு."

சாப்பாட்டைத் தொடாமல் குப்பையில் கொட்டினார். பாத்திரத்தைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். வாசல்வரை வந்து, நான் வெளியே இறங்கியதும் கதவை மூடிக்கொண்டார்.